கேள்வியும் பொது ஒலிபரப்பும்

தமிழில் 'கேள்வி' என்னும் சொல் இரு பொருள் உணர்த்துவது. செவியாற் கேட்டு அறிவு பெறுதல் ஒன்று, வினாவுதல் மற்றொன்று. திருக்குறளிற் 'கல்வி', 'கல்லாமை' ஆகிய அதிகாரங்களை அடுத்துக் 'கேள்வி' அமைய, அதன் பின்னரே 'அறிவுடைமை' பேசப்படுகின்றது. ஏடு கற்கும் வாய்ப்பற்றோரும் அறிவுடையோர் ஆதற்குச் செவி வழியொன்று உண்டு என்பது அவ்வைப்பு முறையினால் உணரப்படும். அவ்வழியினை ஒரே வேளையிற் பல இலட்சம் இல்லங்களுக்குத் திறந்துவிட்ட சாதனம் வானொலியாகும். 1922இற் பிரித்தானியாவில் பி.பி.சி. தோன்றியது. மூன்றாண்டுகள் கழித்து, 1925 டிசம்பரில், கொழும்பிலும் ஒழுங்கான ஒலிபரப்புத் தொடங்கியது. ஆசியாவில் இத்துறையில் முந்தி அடியெடுத்து வைத்த நாடுகளுள் இலங்கையும் ஒன்று.

பொதுமக்களின் பணத்திலோ அவர்கள் பெயரால் ஆக்கப்பட்ட சட்டத்தின் கீழோ இயங்கி, எல்லா வயதினர்க்கும் எல்லா வகுப்பினர்க்கும் பணியாற்றக் கடமைப்பட்ட ஒலிபரப்பினையே பொது ஒலிபரப்பு என்பர். அது மக்களுக்குக் கல்வி புகட்டுகின்றது, அவர்தம் வாழ்வை வளம்படுத்துகின்றது என்பது பலராலும் எடுத்துரைக்கப்படும் கூற்று. அக்கூற்றுப் பெரும்பாலும் உண்மையே. ஆயினும் அதனுள் அறவியல் சார்ந்த வினாவொன்று மறைந்துள்ளது. ஆசிரியரிடம் மாணவன் தானே செல்கின்றான். நூலை வாசகன் தானே கையிலெடுக்கின்றான். ஒலிபரப்போ அடுப்பங்கரைக்கும் நோயாளியின் படுக்கையருகுக்கும் தானே வந்து சேர்கின்றது. ஒருவரைக் கேளாமலே அவருக்கு எது நன்மையென முடிவுசெய்து, அதனை அவர் இல்லத்தினுள் ஒலிக்கச் செய்யும் உரிமை எவருக்கு உண்டு? இவ்வினாவுக்கு விடை காணாதவிடத்துப் பொது ஒலிபரப்பின் பெருமை வெறும் புகழுரையாகவே நின்றுவிடும்.

இதற்கு இருவகை விடைகள் கூறப்பட்டு வந்துள்ளன. முதலாவது, பி.பி.சி.யின் பணிப்பாளர் நாயகமாக 1927 முதல் 1938 வரை கடமையாற்றிய ஜோன் ரீத்தின் கொள்கை. மனித அறிவிலும் கலையிலும் சிறந்தனவற்றை இயன்றவரை மிகுதியான இல்லங்களுக்குக் கொண்டு செல்லுதலே ஒலிபரப்பின் கடமை என அவர் கருதினார். மக்கள் விரும்புவதை மட்டும் வழங்குதல் அவர் நோக்கிற் கடமை தவறுதலாகும். இரண்டாவது, வணிக ஒலிபரப்பின் கொள்கை. நேயரின் விருப்பத்திற்கு மேலான நடுவர் எவரும் இலர். விசையைத் திருப்பும் அவர் விரலே இறுதித் தீர்ப்பு என்பது அதன் சாரம். முன்னது நேயரை மாணவராகக் காண்கின்றது. பின்னது வாடிக்கையாளராகக் காண்கின்றது.

இவ்விரு கொள்கைகளும் தென்னாசியாவில் நேருக்கு நேர் மோதிய வரலாறு படிப்பினை மிக்கது. இரண்டாம் உலகப் போரின்போது மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் 1944இற் பேராதனைக்கு வந்தது. அக்கட்டளையின் படைவீரர்க்கென அமைந்த வானொலி நிலையத்தின் ஆற்றல் மிக்க சிற்றலை ஒலிபரப்பி, போர் முடிந்தபின், 1949இல் இலங்கை அரசின் கைக்கு மாறியது. அதே ஆண்டில் இலங்கை வானொலி தனித் திணைக்களமாயிற்று. 1950 செப்டெம்பரில் அதன் வர்த்தக சேவை தொடங்கியது. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் இசைச்சுவையைக் கெடுப்பன எனக் கருதி, அகில இந்திய வானொலியில் அவற்றுக்கு இடமில்லாதவாறு செய்து, செவ்வியல் இசைக்கு முதன்மை கொடுத்தார். இந்திய நேயர்கள் அதனால் இராகங்களின்பால் ஈர்க்கப்படவில்லை. விசையைக் கொழும்புக்குத் திருப்பினர். 1952 டிசம்பரில் இலங்கை வானொலியில் ஆரம்பமான 'பினாக்கா கீத்மாலா' இந்தித் திரைப்பாடல்களால் இந்தியாவெங்கும் புகழ்பெற்றது. கொழும்பின் தமிழ் ஒலிபரப்பும் தமிழ்நாட்டில் விரும்பிக் கேட்கப்பட்டது. ஈற்றில், 1957 ஒக்டோபரில் 'விவித பாரதி' என்னும் சேவையைத் தொடங்கி இந்திய வானொலி தன் நேயரை மீட்க முற்பட்டது.

இந்நிகழ்ச்சியை வணிகக் கொள்கையின் வெற்றியென முடிவுகட்டுதல் அவசர முடிவாகும். கேஸ்கர் செவ்வியல் இசையின் மேன்மையை மதித்ததிற் குற்றமில்லை. ஒரு கதவை அடைத்தால் மக்கள் மறு கதவினூடே செல்வர் என நம்பியதே பிழை. சுவை, கட்டளையால் வளர்வதன்று. பழக்கத்தாலும் அன்பான அறிமுகத்தாலும் வளர்வது. மறுபுறம், கொழும்பின் வர்த்தக சேவை மகிழ்வூட்டியது உண்மையெனினும், விளம்பரதாரரின் பணத்தினால் ஆற்ற முடியாத பணிகள் பல உண்டு. குழந்தையின் போசாக்குப் பற்றித் தோட்டத் தொழிலாளப் பெண்ணுக்கு எடுத்துரைக்கவும், கிராமத்து முதியவருக்கு ஓய்வூதிய விதிகளை விளக்கவும் பொருள் விற்பவர் எவரும் முன்வரார். வாங்கும் ஆற்றலற்றவர் வணிக ஒலிபரப்பின் கணக்கிலே நேயர் ஆகார். அவரையும் கணக்கிற் கொள்ளுதலே பொது ஒலிபரப்பினைப் 'பொது' ஆக்குகின்றது.

நேயரை மாணவராகவோ வாடிக்கையாளராகவோ கொள்ளாத மூன்றாவது நிலையொன்றைத் தமிழ்நாட்டு அனுபவம் சுட்டுகின்றது. 1960களில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 என்னும் நெல்லினம் தஞ்சை மாவட்டத்திற் பரவியபோது, திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பு அப்பரவலுக்குப் பெருந்துணை புரிந்தது. உழவர்கள் அந்நெல்லுக்குத் தாமே இட்டு வழங்கிய பெயர் 'ரேடியோ நெல்'. ஒரு விஞ்ஞானச் செய்தி, கேட்டவரின் வயலில் விளைந்து, அவர் நாவிலே புதுப்பெயரும் பெற்றது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1956இல், யுனெஸ்கோவின் உதவியுடன் பூனாவை மையமாகக் கொண்டு சுமார் 150 கிராமங்களில் வானொலிப் பண்ணை மன்றங்கள் பரிசோதனை முறையில் அமைக்கப்பட்டன. கிராமத்தவர் குழுவாக அமர்ந்து நிகழ்ச்சியைக் கேட்டு, தம்முள் விவாதித்து, எழும் ஐயங்களை நிலையத்துக்கு எழுதி அனுப்புவர். விடைகள் பின்னர் ஒலிபரப்பாகும். மன்றம் அமைந்த கிராமங்களில் அறிவு வளர்ச்சி, வானொலி மட்டுமே இருந்த கிராமங்களிலும் குறிப்பிடத்தக்க அளவு மிகுந்திருந்தமை ஆய்வினாற் புலனாயிற்று. அங்கே 'கேள்வி' தன் இரு பொருளிலும் நிகழ்ந்தது. செவிமடுத்தல் வினாவுதலாக மாறியவிடத்தே கல்வி வேரூன்றியது.

எல்லா வயதினர்க்கும் பயன்படுதல் என்பதன் பொருளும் இவ்விடத்தில் நோக்கற்பாலது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை 'சிறுவர் மலர்' வாயிலாகக் குழந்தைகளை ஒலிவாங்கியின் முன் நிறுத்தியது. பாடசாலை ஒலிபரப்பு வகுப்பறைக்குள் புகுந்தது. 'இசையும் கதையும்' இளம் எழுத்தாளர் பலருக்குப் பயிற்சிக் களமாயிற்று. நாடகங்களும் உரைச்சித்திரங்களும் எழுத்தறியாத முதியவரையும் இலக்கியத்தின் சுற்றத்துள் அழைத்தன. வயதுக்கேற்பப் பிரித்து வழங்கியமை இதன் ஒரு பக்கம். ஒரே கூரையின் கீழ்ப் பாட்டியும் பேரனும் ஒரே குரலை ஒரே வேளையிற் கேட்டமை இதன் மறுபக்கம். ஆழமான பயன் இதிலேதான் உள்ளது. பேரன் கேட்ட சொல்லுக்குப் பாட்டி பொருள் கூறுவாள். பாட்டி அறியாத செய்தியைப் பேரன் விளக்குவான். நிகழ்ச்சி முடிந்த பின்னரும் வீட்டினுள் உரையாடல் தொடரும். செவிப்பொறியைத் தனித்தனியே அணிந்து அவரவர் தமக்குரியதைக் கேட்கும் இக்காலத்தில், தலைமுறைகளுக்கிடையிலான இப்பொதுச் செவியே அருகி வருகின்றது.

இலங்கையின் மலைநாட்டில் இச்சிந்தனை தெளிவான வடிவம் பெற்றது. கொத்மலை ஓயாவின் நீரைப் பெற்ற மகாவலி கங்கை கம்பளை, பேராதனை, கண்டி ஆகியவற்றைக் கடந்து, குண்டசாலையை அணைந்தோடி, விக்டோரியா நீர்த்தேக்கத்தை அடைகின்றது. துரித மகாவலித் திட்டத்தின் கீழ் 1980களின் நடுப்பகுதியிற் கொத்மலை, விக்டோரியா அணைகள் நிறைவுற்றபோது பல கிராமங்கள் நீருள் மறைந்தன. தெல்தெனியப் பழைய நகரமும் அவற்றுள் ஒன்று. இடம்பெயர்ந்து புதுக்குடியேற்றங்களை அடைந்த மக்களுக்கென, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் யுனெஸ்கோ, டென்மார்க் ஆகியவற்றின் உதவியோடு 1981இல் மகாவலி சமூக வானொலியை ஆரம்பித்தது. தயாரிப்பாளர் குழுவினர் கிராமத்திலே சில நாள் தங்கி, மக்களின் பாடல், முறைப்பாடு, அனுபவம் ஆகியவற்றை ஒலிப்பதிவு செய்து நிகழ்ச்சிகளாக ஆக்கினர். 1989இற் கொத்மலையில் ஒரு சிறு நிலையம் உருவானது. 1999இல் அங்கு இணைய இணைப்புக் கிடைத்தபோது புதியதொரு முறை கையாளப்பட்டது. நேயர்கள் தம் வினாக்களை அனுப்புவர். ஒலிபரப்பாளர் விடைகளை இணையத்தில் தேடுவர். மருத்துவரோ சட்டவறிஞரோ உடனிருந்து அவற்றை எளிய மொழியில் விளக்குவர். கணினியை அறியாதவரும் இணையத்தின் பயனைச் செவிவழி பெற்றமை உலகின் கவனத்தை ஈர்த்தது.

இம்முயற்சிக்கும் வரம்புகள் இருந்தன. நிலையம் அரச கூட்டுத்தாபனத்தின் உடைமையாகவே இருந்தது. மக்கள் அதன் விருந்தினரேயன்றி உரிமையாளர் அல்லர் என ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். அரசின் கையிலுள்ள ஒலிபரப்பு எக்காலத்தும் எதிர்நோக்கும் இடர் இதுவே. அரசாணையை முரசறைந்து அறிவித்தல் தமிழ் மரபிலும் சிங்கள மரபிலும் உண்டு. 1707 முதல் 1739 வரை கண்டி இராச்சியத்தை ஆண்ட நரேந்திரசிங்கன், தன் மாளிகை அமைந்த இடத்தின் பெயரால் 'குண்டசாலை அரசன்' எனப்பட்டான். அவன் காலத்துக் குடிகள் முரசொலியைக் கேட்கலாம். முரசை வினாவுதல் இயலாது. மக்களாட்சியில் இயங்கும் ஒலிபரப்பும் வினாவை ஏற்காதாயின், மின்சாரத்தினால் ஒலிக்கும் முரசாகவே அது முடியும்.

இவ்வேறுபாட்டினை இலங்கையின் உயர் நீதிமன்றம் 1996இல் வழங்கிய தீர்ப்பொன்று சட்டத்தின் மொழியில் உரைத்தது. கூட்டுத்தாபனத்தின் கல்விச் சேவையில் ஒலிபரப்பாகி வந்த முறைசாராக் கல்வி நிகழ்ச்சி 1995 பெப்ரவரியில் திடீரென நிறுத்தப்பட்டது. நிபுணர்கள் உரையாற்ற, நேயர்களும் பங்குபற்றிய நிகழ்ச்சி அது. அதனை நிறுத்தியமை தம் அடிப்படை உரிமையை மீறுவதாக நேயரொருவர் வழக்குத் தொடுத்தார். அவர் வெறுமனே கேட்டிருந்தவரல்லர், பங்குபற்றிய நேயர் என்பதை நீதிமன்றம் ஏற்று, அவருடைய பேச்சுச் சுதந்திரம் மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டில் ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலத்தை ஆராய்ந்தபோது, அலைவரிசைகள் அளவிற் குறைந்த பொதுவளம் என்றும், அரசு அவற்றுக்கு மக்களின் சார்பிலான நம்பிக்கைப் பொறுப்பாளர் என்றும் அதே நீதிமன்றம் வலியுறுத்தியது. முன்னர் எழுப்பப்பட்ட வினாவுக்கு இங்கே விடை கிடைக்கின்றது. இல்லத்தினுள் புகுந்து பேசும் உரிமை ஒலிபரப்பாளருக்கு இயல்பாக உரியதன்று. நேயர் திரும்பப் பேசலாம் என்னும் நிபந்தனையின் பேரிலே இரவலாகப் பெற்றது.

இந்நிபந்தனை கைவிடப்பட்டால் நேரும் இழப்பினைக் குண்டசாலை 2018 மார்ச்சில் உணர்த்தியது. அதற்குச் சில நாள் முன்னர், பெப்ரவரி இறுதியில், அம்பாறையில் முஸ்லிம் உணவகமொன்றில் சிங்களவரின் உணவிலே மலடாக்கும் மாத்திரை கலக்கப்பட்டது என்ற வதந்தி எழுந்து, தாக்குதல்களுக்கு வித்திட்டது. அகப்பட்ட பொருள் மாவுக்கட்டி என்பதை அரச இரசாயனப் பகுப்பாய்வு பின்னர் உறுதிசெய்தது. நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை எதுவும் இல்லையென உலக சுகாதார நிறுவனமும் தெளிவுபடுத்தியது. ஆயினும் பொய் முந்திக்கொண்டது. தெல்தெனியவில் வீதித் தகராறொன்றிற் தாக்கப்பட்ட லொறிச் சாரதி மார்ச் ஆரம்பத்தில் உயிரிழந்தார். அதனைத் தொடர்ந்து, குண்டசாலைப் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்த திகனவிலும் சூழவுள்ள இடங்களிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, உயிர்களும் பலியாயின. ஊரடங்கும் அவசரகால நிலையும் பிறப்பிக்கப்பட்டன. வன்முறையைத் தூண்டும் செய்திகள் முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் பரவியமையால் அரசு அவற்றைச் சில நாள் முடக்கியது. அவ்வன்முறையில் தன் தளம் வகித்த பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020இல் வருத்தம் தெரிவித்தது.

அந்நாள்களிற் பொது ஒலிபரப்பு வாய்மூடி இருக்கவில்லை. அமைதி காக்குமாறு வேண்டுகோள்கள் ஒலித்தன. எனினும் வேண்டுகோளை ஒலிக்கச் செய்தல் எளிது. அதனை நம்பச் செய்தல் அரிது. அண்டை வீட்டாரைப் பற்றிய பொய்யை ஒருவர் ஏன் நம்பினார், அரச வானொலியின் மெய்யை ஏன் ஐயுற்றார் என்பதே வினவத்தக்கது. நம்பிக்கை நெருக்கடி நாளில் ஆக்கப்படுவதன்று, ஆண்டுக்கணக்கில் ஈட்டப்படுவது. மருத்துவர் ஒருவர் வாரந்தோறும் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து, கருவளம் பற்றிய கூச்சமிக்க ஐயங்களுக்கும் முகஞ்சுளியாது விடையளித்து வந்த ஓர் ஊரை எண்ணிப் பார்க்கலாம். மாத்திரை பற்றிய வதந்தி அவ்வூரை அடையும்போது, அதனை யாரிடம் கேட்டுத் தெளியலாம் என்பது அவ்வூராருக்கு முன்னரே தெரிந்திருக்கும். வதந்தி அங்கும் எழலாம். அதற்கு ஈடாக நிற்கும் பழகிய குரலும் அங்கிருக்கும். கல்வியின் பயனை இத்தகைய நாளிலேயே அளவிட முடியும்.

இங்கு மொழி பற்றிய உண்மையொன்றையும் மறைத்தலாகாது. கண்டியைச் சூழ்ந்த பகுதியிற் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அண்டி வாழ்கின்றனர். சிங்களம், தமிழ், ஆங்கிலம் எனச் சேவைகள் தனித்தனியே இயங்கியமை ஒவ்வொரு மொழிக்கும் உரிய மதிப்பை அளித்தது. தமிழ்ச் சேவை இன்றேல் இந்நாட்டுத் தமிழரின் பண்பாட்டு வாழ்வு பெரிதும் வறுமையுற்றிருக்கும். அதேவேளை, ஒரே வீதியில் வாழ்வோர் வெவ்வேறு அறைகளில் வெவ்வேறு குரல்களைக் கேட்டு வளர்ந்தனர். அயலவர் எதற்கு அழுகின்றார், எதற்குச் சிரிக்கின்றார் என்பது மறு அறைக்குக் கேட்கவில்லை. தன் மொழியிற் பேசுதல் நேயரின் உரிமை. அயலவரின் கவலையைத் தன் மொழியிற் கேட்டல் அவரது தேவை. முன்னதை ஓரளவு நிறைவேற்றிய பொது ஒலிபரப்பு, பின்னதைப் பெரும்பாலும் மறந்தது எனலாம்.

இக்கருத்துக்கு மறுப்புகள் எழலாம். நேயர் அனைவரும் பேசத் தொடங்கினால் அறியாமையும் வெறுப்பும் ஒலிபரப்பேறாவோ என்பது ஒன்று. ருவாண்டாவில் 1993இல் தொடங்கிய தனியார் வானொலியொன்று, 1994இன் இனப்படுகொலைக்குத் தூபமிட்டமை இவ்வச்சத்துக்குச் சான்று பகரும். அந்நிலையம் மக்களுக்குப் பழகிய பேச்சுமொழியையும் இசையையும் நேயர் அழைப்புகளையும் நன்கு பயன்படுத்தியது. ஆகவே, நேயர் பங்கேற்பு ஒன்றே அறமாகிவிடாது. பண்ணை மன்றத்திலும் கொத்மலையிலும் வினாவை எதிர்கொண்டது ஆராய்ந்து கூறப்பட்ட விடை. ருவாண்டாவில் வெறுப்பை எதிர்கொண்டது மேலும் வெறுப்பு. வினாவுக்கு இடமும், விடைக்கு ஆதாரமும், பிழைக்குத் திருத்தமும் ஒருங்கே அமைதல் வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும் ஏனைய இரண்டும் பயனற்றுப் போகும்.

கையடக்கத் தொலைபேசி எங்கும் பரவியுள்ள இக்காலத்திற் பொது ஒலிபரப்புக்குத் தேவையுண்டோ என்பது மற்றொரு மறுப்பு. வினாவுவதற்கு இன்று கருவிகள் பல உள; பொறுப்பேற்று விடையளிப்போரே குறைவு. முகநூலிற் பொய்யுரைத்தவர் எவரென அறிவது அரிது. பொது ஒலிபரப்பாளருக்கோ பெயரும் முகவரியும் உண்டு. சட்டத்தின் முன் நிறுத்தப்படும் கடப்பாடும் உண்டு. இப்பொறுப்பே அதன் தனிச்சிறப்பு. அதனைப் பேணுவதற்கு, ஆட்சிக்கு வரும் கட்சிக்கேற்பக் குரல் மாறாத சுதந்திரமான அமைப்பும், கேட்போர் தொகையால் மட்டும் அளவிடப்படாத நிதியும் இன்றியமையாதன.

நேயருக்கும் ஒரு கடமை உண்டு. தமக்கு இனியதை மட்டும் கேட்டு, ஐயுற்றதை வினவாது, கேட்டதை ஆராயாது பிறருக்குக் கடத்தும் செவி, எத்துணை நல்ல ஒலிபரப்பினாலும் கல்வி பெறாது. பல்கலைக்கழகத்தாருக்கு இக்கடமை இருமடங்காகும். மருத்துவம், சட்டம், வேளாண்மை, வரலாறு ஆகியவற்றைக் கற்றோர் தம் அறிவை ஆய்விதழ்களுள் அடைத்து வைத்துவிட்டு, மக்கள் வதந்தியை நம்புகின்றனரே என வருந்துதல் பொருந்தாது. கொத்மலையிலே ஒலிவாங்கியின் முன் அமர்ந்து நேயரின் வினாவுக்கு விடை கூறிய மருத்துவர் ஆற்றிய பணி விரிவுரை மண்டபத்தின் பணிக்குத் தாழ்ந்ததன்று.

பொது ஒலிபரப்பு மக்களுக்குக் கற்பிக்கின்றதா என்னும் வினாவுக்கு, அது மக்களிடமிருந்து கற்கின்றதா என்னும் வினாவினூடாகவே விடை காணவேண்டும். சிறுவரின் ஐயமும், உழவரின் அனுபவமும், தோட்டப் பெண்ணின் முறையீடும், அயலவரின் அச்சமும் அதன் காதில் விழுமாயின், அதன் சொல்லும் அவர்கள் காதில் நிலைக்கும். 'கேள்வி' என்னும் ஒரு சொல்லுக்குள் செவிமடுத்தலையும் வினாவுதலையும் தமிழ் சேர்த்து வைத்துள்ளது. அவை பிரிந்த இடத்தில் ஒலிபரப்பு முரசாகிறது. இணைந்த இடத்திலேயே அது மக்களின் உடைமையாகிறது.